ஊஞ்சல் போல்ட்டும் என் எடையும்

எங்கள் மனிதர்கள் கல்யாணப் பெண்ணைப் பற்றிக் கேட்காத கேள்வி கிடையாது. நட்சத்திரம் கேட்பார்கள், பாட்டுத் தெரியுமா என்பார்கள், ரசத்துக்குப் பருப்பு எவ்வளவு போடுவாள் என்றுகூடக் கேட்பார்கள். நடக்கச் சொல்லி, கால் நேராக விழுகிறதா என்று கவனிப்பார்கள். ஆனால் பெண் எத்தனை பவுண்டு எடை என்று கேட்டு ஆள் அனுப்பிய மாப்பிள்ளை வீடு மாட்டுங்கா முழுவதிலும் எனக்கு மட்டும்தான் வாய்த்தது.

உலகச் சண்டை முடிந்துவிட்டது, ரேஷன் முடியவில்லை என்ற காலம் அது. மாட்டுங்காவில் இரண்டாம் மாடியில் இரண்டு அறை எங்கள் வீடு. அப்பா ஃபோர்ட்டில் ஓர் ஆபீஸில் ஹெட்கிளார்க். நான் குர்லாவில் போல்ட்டும் நட்டும் செய்கிற ஒர்க்‌ஷாப் ஒன்றில் டைப்பிஸ்ட். மாட்டுங்காவில் ரயில் ஏறினால் சயானுக்கு அடுத்தது குர்லா. ரயிலில் உட்கார இடம் தேடுவதற்குள் இறங்கிவிடலாம்.

என் வேலையில் பாதி டெஸ்ட் ரிப்போர்ட் அடிப்பது. இரும்புத் துண்டை மிஷினில் மாட்டி, இரண்டு பக்கமும் பிடித்து இழுப்பார்கள். எத்தனை டன்னில் அறுந்தது, துண்டின் குறுக்குப் பரப்பு எவ்வளவு, அதை இதால் வகுத்தால் சதுர அங்குலத்துக்கு எத்தனை டன் தாங்கும் என்று நாள் முழுக்க அடித்துக்கொண்டிருப்பேன். எனக்கு அந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும். எந்த இரும்பானாலும் தனக்கென்று ஓர் எல்லை வைத்திருக்கிறது, அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. அம்மா எந்த நிமிஷம் வெடிப்பாள் என்று சொல்ல அப்படி ஒரு மிஷின் கிடையாது.

நான் குண்டு. "கொஞ்சம் பூசினாப்ல இருப்பா" என்று அம்மா ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. குண்டு என்றால் குண்டுதான், யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் நானே சொல்லிக்கொள்வது வேறு, பிறர் சொல்லிச் சிரிப்பது வேறு. பத்து வயதில் ஒரு கல்யாண வீட்டில், ஊஞ்சல் காலியாக இருந்த நேரத்தில் மற்றக் குழந்தைகளோடு நானும் ஏறப்போனேன். பலகையில் ஒரு காலை வைத்தேன். "ஓய், உத்தரம் பத்திரம்!" என்றார் ஒரு பெரிய மனுஷர். கூடமே சிரித்தது. வைத்த காலை எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் எந்த ஊஞ்சலிலும் உட்காரவில்லை.

எங்கள் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன்னால் ஊஞ்சல் உண்டு. பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஒரே பலகையில் உட்கார வைத்து, பாலால் காலை அலம்பி, மஞ்சளும் சிவப்புமாகச் சாத உருண்டை சுற்றிப் போட்டு, பெண்டுகள் பாட்டுப் பாடிக்கொண்டே ஆட்டுவார்கள். கூட்டம் முழுவதும் நின்று பார்க்கும். எனக்கு வரன் தேட ஆரம்பித்த நாளிலிருந்தே அம்மாவிடம் சொல்லிவைத்தேன்.

"எல்லாம் செய். அந்த ஊஞ்சலை மட்டும் நாற்காலி போட்டு முடிச்சுடு."

"நாற்காலியிலே உட்கார்ந்துண்டு லாலி பாடினா ஆஸ்பத்திரி மாதிரின்னா இருக்கும்?" என்றாள் அம்மா. பேச்சு அதோடு முடிந்தது.

பெண் பார்க்க வந்தவர் செம்பூர்க்காரர். பைக்குலாவில் ஏதோ இஞ்சினீயரிங் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். செம்பூரில் அப்போது வீட்டைவிட எருமை அதிகம். ஒல்லியாக இருந்தார், சட்டைப் பையில் மூன்று பென்சில். நான் காப்பி கொண்டுபோய் வைத்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்து ஒரு கீர்த்தனை பாடினேன். அப்போதும் கூரைதான். பஜ்ஜியைக்கூட மேலே பார்த்தபடியே தின்றார். போகும்போது மட்டும் என்னை ஒரு தரம் பார்த்து, லேசாகச் சிரித்தார். மறுநாள் சம்மதம் என்று சொல்லி அனுப்பினார்கள். என் முகத்தைவிட எங்கள் கூரை பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அந்தச் சிரிப்பு நன்றாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் தூது போனவர் தாதர் மாமா. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணா. அவர்தான் ஒரு நாள் சாயங்காலம் வந்து, செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

"பொண்ணு எத்தனை பவுண்டு இருப்பா? மாப்பிள்ளை கேக்கச் சொன்னார்."

"எதுக்காம்?" என்றாள் அம்மா.

"காரணம் சொல்ல ஆரம்பிச்சார். அதுக்குள்ள என் வண்டி வந்துடுத்து. ஏறிட்டேன்."

அப்பாவின் முகம் கறுத்தது. எடைக்கு எடை வெள்ளிப் பாத்திரம் கேட்கிறார்களோ என்று அவருக்குப் பயம். அம்மாவுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. பாலக்காட்டுக் குடும்பத்தில் ஒருவருடைய எடையை எதற்குக் கேட்பார்கள்? குருவாயூரில் துலாபாரம் கொடுக்கத்தான். சம்பந்தியம்மாள் பிள்ளைக்குக் கல்யாணம் கூடினால் நாட்டுப்பெண்ணைத் தராசில் உட்கார்த்தி வைப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள், எப்பேர்ப்பட்ட மனசு என்று அம்மா குருவாயூர் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். சர்க்கரையால் கொடுக்க முடியாது, ரேஷன். கதலிப்பழம்தான் சரி என்று அவளே தீர்மானித்துவிட்டாள். விளக்கு வைப்பதற்குள் எங்கள் கட்டடத்தில் மூன்று மாடிக்கும் செய்தி தெரிந்து, கீழ்வீட்டு மாமி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. துலாபாரமாவது வெள்ளியாவது. இந்த மனுஷர் கூரையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார், பிறகு யாரோ பெண் குண்டு என்று காதில் போட்டிருக்கிறார்கள், எவ்வளவு குண்டு என்று இப்போது கணக்குக் கேட்கிறார். எனக்கு அப்படித்தான் பட்டது.

"மாமா, முதல்ல அவரோட எடையைச் சொல்லச் சொல்லுங்கோ. அப்புறமா என்னோடதைப் பாக்கலாம்" என்றேன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாமா போன பிறகு அப்பாவிடம் தனியாகச் சொன்னேன். "சிரிக்கிறதுக்குக் கேக்கறார்னா எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்பா. ஆயுசு பூராவும் ஒருத்தர் என்னைப் பாத்துச் சிரிச்சுண்டிருக்க, அவருக்கு நான் சமைச்சுப் போட முடியாது."

அப்பா காலண்டரைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை வரச் சொல்றேன். நேராவே கேட்டுடலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வந்தார். நான் சமையலறைத் திரைக்குப் பின்னால் நின்றேன். அவர் உட்காரக்கூட இல்லை. "நான் நூத்தி நாப்பது பவுண்டு" என்றார்.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார். "சந்தோஷம். உட்காருங்கோ" என்றார்.

அம்மா வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் பாண்ட் பையில் கையை விட்டு, உடைந்த இரும்புக் கொக்கி ஒன்றை எடுத்து அந்தத் தட்டிலேயே வைத்தார். கல்யாணம் பேசுகிற இடத்தில், மஞ்சள் குங்குமத்துக்குப் பக்கத்தில், உடைந்த இரும்பு. அம்மா "சிவ சிவா" என்று தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"எங்க அக்கா கல்யாணத்து ஊஞ்சல் கொக்கி இது" என்றார் அவர். "ஆடிண்டிருக்கும்போது ஒடிஞ்சுடுத்து. அக்கா கீழே விழுந்து மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. கையில கட்டோடதான் மணையில உட்கார்ந்தா. இந்த ஒடிஞ்ச மொகத்தைப் பாருங்கோ. பாதி கறுப்பா துரு. மீதிப் பாதிதான் பளபளன்னு இருக்கு. அதாவது முன்னாடியே பாதி விட்டிருக்கு, மீதிப் பாதியிலேதான் அக்கா தொங்கிண்டிருந்தா. மேல ஏறி ஒருத்தர் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். யாரும் பாக்கலே. அன்னியிலேர்ந்து எந்த ஆத்துக்குப் போனாலும் எனக்கு மேலதான் பாக்கத் தோணறது. உங்காத்து உத்தரத்துலகூட ரெண்டு கொக்கி இருக்கு. ஒண்ணு துருப்பிடிச்சிருக்கு, கேட்டேளா? அதுல ஒண்ணும் மாட்டாதீங்கோ."

கூரையில் பார்த்தது இதைத்தான். திரைக்குப் பின்னால் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை நாள் அவரைத் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்து, சரி, கோபத்தை விடலாம் என்று நினைத்த அதே நிமிஷம் அவர் மேலே சொன்னார்.

"நம்ம கல்யாணத்துக்கு ஊஞ்சல் போல்ட்டை நானே கணக்குப் போடறேன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கேன். அதுக்குத்தான் எடை கேட்டேன். பதில் வரலே. உத்தேசமா இருநூறு பவுண்டுன்னு போட்டுண்டேன்."

நான் திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

"இருநூறா?"

அவர் சட்டென்று எழுந்து நின்றார். "கூடப் போட்டாத்தான் பத்திரம். குறைச்சுப் போட்டு, கணக்கு சரியா வந்துடுத்துன்னு சந்தோஷப்பட்டு, அப்புறம் விழறது யாரு?"

"அப்போ யானைன்னே போட்டுக்கறதுதானே?"

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "யானைன்னா அரை இஞ்சு போல்ட் போறாது. ஒண்ணரை இஞ்சாவது வேணும்" என்றார். கிண்டல் துளிகூட இல்லை. யானைக்கு மனசுக்குள் உண்மையாகவே கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். அப்பாதான் முதலில் சிரித்தார். நானும் உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஆனால் விடுவதாக இல்லை.

"போல்ட்டோட விட்டத்தை எங்கே அளந்தேள்? மரையோட மேட்டுலயா, பள்ளத்துலயா?"

"பள்ளத்துலதான். அங்கேதானே மெலிசு, அறுந்தா அங்கேதான் அறும்." கண் அகலமாயிற்று அவருக்கு. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தினம் அதைத்தானே டைப் அடிக்கிறேன். ஊஞ்சல் ஆடறதுக்கு எத்தனை சேர்த்தேள்? சும்மா தொங்கறதுக்கும் ஆடறதுக்கும் ஒரே இழுப்பா?"

"மூணு மடங்கு வெச்சிருக்கேன். அதுவும் நாலு போல்ட்ல ரெண்டுதான் பாரம் தாங்கறதா வெச்சுண்டு."

"இரும்பு?"

அங்கேதான் அவர் நின்றார். குர்லா பழைய இரும்புக் கடையில் ஒரு கம்பி வாங்கி, அதிலிருந்துதான் போல்ட் வெட்டப்போகிறார். அது என்ன ரகம், சதுர அங்குலத்துக்கு எத்தனை டன் தாங்கும் என்று கடைக்காரனுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பாரத்தை எவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் போட்டாலும் தாங்குகிற பக்கம் தெரியாவிட்டால் பிரயோஜனம் இல்லை.

"எங்க ஒர்க்‌ஷாப்புல துண்டு வெட்டி இழுத்துப் பாக்கலாம். சூபரின்டென்டென்டைக் கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

அவர் போன பிறகு அம்மா பாத்திரம் அலம்பிக்கொண்டே இரண்டு தரம் கேட்டாள். "அப்போ துலாபாரம் இல்லையா?"

என் கோபம் பாதிதான் இறங்கியிருந்தது. அந்த இருநூறு உள்ளே கிடந்து குடைந்தது. என் நிஜ எடை எனக்குத் தெரியும். தாதர் ஸ்டேஷனில் காசு போட்டால் அட்டை தள்ளுகிற மிஷினில், யாரும் தெரிந்தவர்கள் இல்லையா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஏறி நின்றிருக்கிறேன். அட்டையில் எடையோடு ஜோசியமும் இருக்கும். ஜோசியத்தை வீட்டில் படித்துக் காட்டிவிட்டு, எடைப் பக்கத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வேன். உண்மையைச் சொன்னால் இருநூறு போய்விடும். ஆனால் உண்மை ஒருத்தர் வாயில் ஏறிவிட்டால் பிறகு திரும்பி வராது. சொல்லவா வேண்டாமா என்று அந்த வாரம் முழுக்க டைப் மிஷினில் தப்புத் தப்பாக அடித்தேன்.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் அப்பாவும் அவரும் குர்லாவுக்கு வந்தார்கள். கம்பியின் நுனியிலிருந்து வெட்டிய துண்டை லேத்தில் கடைந்து தயாராக வைத்திருந்தார்கள். இழுக்கிற மிஷினை ஓட்டுகிறவர் தாராவிக்காரர், திருநெல்வேலிப் பக்கம். துண்டை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"யம்மா, இது எந்தக் கம்பெனி ஆர்டரு?"

"என் கல்யாண ஊஞ்சலுக்கு."

அவர் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பென்சில்காரரைப் பார்த்தார். "ஊஞ்சலுக்கா டெஸ்ட்டு! ஏக்தம் ஜோரு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெடிக்கையில சத்தம் பெருசா இருக்கும்."

மிஷின் டயலில் முள் மெல்ல ஏறியது. ஓர் இடத்தில் தயங்கி நின்றது. இரும்பு அங்கேதான் இனி பழையபடி திரும்ப மாட்டேன் என்று மனசை மாற்றிக்கொள்கிறது. பிறகு மறுபடி ஏறியது. துண்டு நடுவே இடுப்பு மாதிரி மெலிந்துகொண்டே வந்தது. டப்பென்று ஒரு சத்தம். அப்பா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"அறுத்தாச்சே, இனிமே இதை எப்படி மாட்டறது?" என்றார் அப்பா.

"இது சாம்பிள். போல்ட் இதே கம்பியோட மீதியிலேர்ந்து வரும்" என்றார் அவர். கரும்பலகை மாதிரி ஓர் இரும்புத் தகடு சுவரோரம் சாய்ந்திருந்தது. சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தார். சதுர அங்குலத்துக்கு இருபத்தெட்டு டன். எங்கள் இரண்டு பேர் எடை, பலகை, சங்கிலி எல்லாம் கூட்டி, மூன்றால் பெருக்கி, இரண்டு போல்ட்டுக்குப் பங்கு போட்டு, மரைப் பள்ளத்தின் பரப்பால் வகுத்தார். போல்ட்டின் பலம் பாரத்தைப்போல் பன்னிரண்டு மடங்குக்கு மேல் வந்தது.

"இதுல லாரியையே கட்டித் தொங்க விடலாமே" என்றார் தாராவிக்காரர்.

எனக்கு மட்டும் அந்தத் தகட்டில் ஒன்றே ஒன்றுதான் கண்ணில் பட்டது. மணப்பெண் என்று எழுதி, பக்கத்தில் இருநூறு. நான் தொண்டையைச் செருமினேன்.

"அதை அழிச்சுட்டு நூத்தி அறுபத்தெட்டுன்னு போடுங்கோ."

அப்பா சுவரைப் பார்த்து இருமினார். எனக்குக் காதெல்லாம் சுட்டது. ஒரு சிரிப்பு வரும், இல்லாவிட்டால் அதைவிட மோசமாக, பரவாயில்லை என்று ஒரு சமாதானம் வரும் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவர் கைக்குட்டையால் இருநூறை அழித்தார். நூற்று அறுபத்தெட்டு எழுதினார். கணக்கை முதலிலிருந்து மறுபடி போட்டார். தலையைத் தூக்கினார்.

"பதிமூணரை மடங்கு. பெரிசா ஒண்ணும் மாறலே" என்றார்.

அதுவரை என் உடம்பைப் பற்றி யார் பேசினாலும் நான்தான் அங்கே பெரிய சமாசாரம். முதல்முறையாக ஒரு கணக்கில் என்னைப் போட்டுக் கூட்டிப் பெருக்கி வகுத்த பிறகும், விடை அப்படியே அசையாமல் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. இரும்புத் தூள் கண்ணில் விழுந்துவிட்டது என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். இந்த மனுஷரைத்தான் கல்யாணம் செய்துகொள்வது என்று அந்த இடத்தில், எண்ணெய் வாடைக்கு நடுவில் முடிவாயிற்று.

கல்யாணத்துக்கு முதல் நாள் அவர் ஸ்பானரோடு ஹாலுக்கே போய் நின்றாராம். போல்ட் அறாது, ஆனால் அதன் தலை மரத்தைக் குடைந்துகொண்டு கீழே வரலாம் என்று உத்தரத்துக்கு மேலே அகலமான இரும்புத் தகடு வைத்து முடுக்கினார். அதுவும் திருப்தி போதாமல், மாட்டுங்காவிலேயே பெரிய தொந்திக்காரரான சமையல்காரரையும் அவருடைய ஆட்கள் இரண்டு பேரையும் பலகையில் உட்கார வைத்து ஆட்டிப் பார்த்தார். சமையல்காரருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. கரண்டியும் கையுமாக ஆடிக்கொண்டிருந்தவரை இறக்குவதற்கு ஆள் போக வேண்டியிருந்தது. அன்று ராத்திரி ரசத்தில் உப்பு மறந்துபோனது அதனால்தான் என்று அப்பா சொல்வார்.

மறுநாள் காலையில் மாலை மாற்றி முடிந்ததும் எங்களை ஊஞ்சலுக்கு அழைத்துப் போனார்கள். ஹால் நிறையக் கூட்டம். நான் பலகையில் உட்கார்ந்தேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். காலை அலம்பினார்கள், உருண்டை சுற்றிப் போட்டார்கள், லாலி ஆரம்பித்தது. நாகஸ்வரக்காரரும் சேர்ந்துகொண்டார். பாட்டு இரண்டாவது அடிக்கு வந்துவிட்டது, ஊஞ்சல் மட்டும் நகரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். ஒரு பக்கச் சங்கிலியைச் சித்தி இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். மறுபக்கம் அத்தை. ஆட்ட வேண்டியவர்கள் இரண்டு பேரும் ஆடவிடாமல் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் முன்னால் எனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்ற அன்பு அது. எனக்கு வேண்டியது அதில்லை. என் பக்கத்தில் இருந்தவரோ இரண்டு கால் விரலையும் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டிருந்தார். கணக்கெல்லாம் தெரிந்த மனுஷர்தான், ஆனால் அக்கா விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர்.

"சித்தி, சங்கிலியை விடுங்கோ" என்றேன்.

"வேண்டாண்டி, கனம்..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"கனம்தான். தாங்கும். ரெண்டு பேரும் விடுங்கோ."

சித்தி அத்தையைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒவ்வொரு விரலாக எடுத்தார்கள். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு தரையில் ஊன்றியிருந்த இரண்டு காலையும் தூக்கிப் பலகைமேல் மடக்கிக்கொண்டார். எங்கள் முழு எடையையும் போல்ட்டுகள் வாங்கிக்கொண்டன. நான் தரையை ஓர் உதை உதைத்தேன். ஊஞ்சல் பின்னால் போய், முன்னால் வந்து, கூட்டம் விலகி வழிவிட்டது. புடவைத் தலைப்பில் காற்றுப் பிடித்தது.

"இன்னும் கொஞ்சம் வேகமா ஆட்டுங்கோ" என்றேன்.